எட்டும் எயிட்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஆங்கிலச் சொற்கள் பலவும் தமிழிலிருந்து பிறந்தவை என்று ஒரு பட்டியல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. எட்டு–எயிட், ஒன்று–ஒன் என்று பார்த்தவுடன் பொருந்திப்போகின்றன. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது உண்மையென்றால் இவை ஏன் உண்மையாக இருக்கக் கூடாது? படிக்க நல்ல நூல்கள் உண்டா?

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள வாசகிக்கு,

கட்டுமரத்துக்குச் சாட்சி இருக்கிறது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் இந்த மிதவைகளை இப்படித்தான் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். யார், எங்கே, எந்தப் பொருளுக்காகச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள் என்பது தெளிவு. சுருட்டும் மிளகுத்தண்ணீரும் இப்படிப் போனவைதாம்.

எட்டுக்கு வருவோம். எயிட் என்று எழுதும்போது நடுவில் ஜி, எச் என ஒலிக்காத இரண்டு எழுத்துகள் வருகின்றன அல்லவா? அவை ஒரு காலத்தில் ஒலித்தவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குள் தொண்டையை உரசிவரும் ஓர் ஒலி இருந்தது. ஜெர்மானியரின் ‘ஆஹ்ட்’டில் அது இன்றும் கேட்கிறது. லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. தமிழ்ப் பக்கம் பாருங்கள்: எண்பது, எண்ணூறு, எண்திசை. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. நம் எட்டுக்கு அடி ‘எண்’. காலத்தில் பின்னே போகப் போக இரண்டு சொற்களும் விலகுகின்றன. உறவுச் சொற்களாக இருந்தால் நெருங்கியிருக்க வேண்டும். ‘ஒன்’னும் அப்படித்தான், பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’.

இத்தகைய பட்டியல்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. பொய்யோடு சேர்த்துக் கட்டிவிட்டால், கட்டுமரத்தின் மெய்யான வரலாற்றையும் வெளியார் நம்ப மாட்டார்கள்.

நூல்களில் முதலில், ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களின் அகராதியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ படியுங்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். நூல் அச்சாகும் முன்பே, 1882இல் இறந்துவிட்டார். ஒவ்வொரு சொல்லின் கீழும் பழைய மேற்கோள்கள் ஆண்டு வரிசையில் நிற்கும். அவர்களுடைய ஊகங்கள் சில பின்னால் தவறின, மேற்கோள்கள் இன்றும் பயன்படுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் இதே முறையில் அமைந்ததுதான். 1857இல் தொடங்கிய முயற்சி 1928இல் முடிந்தது. தன்னார்வலர்கள் புத்தகம் புத்தகமாகப் படித்து, சீட்டுகளில் மேற்கோள் எழுதி அனுப்பினார்கள். அச்சேறியவை மட்டும் 18 லட்சத்துக்கு மேல். ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே நிறைவைப் பார்க்காமலேயே 1915இல் காலமானார்.

தமிழ்ப் பக்கத்துக்கு, பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி. அதுவும் ஹாப்சன்-ஜாப்சனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எட்டுக்கான பதிவையே முதலில் தேடுங்கள். நீலகிரியின் தோடரும் கோத்தரும் சொல்லும் வடிவங்கள்கூட அதில் இருக்கின்றன.