பூசணியில் மலட்டுப் பூ என்று ஒரு பூ இல்லை

கேள்வி: முதல் முறையாக வீட்டில் காய்கறி பயிரிட்டேன். பூசணியில் பூத்தவை எல்லாம் மலட்டுப் பூக்கள். தக்காளியோ அடி கறுத்து அழுகிவிட்டது. கொடியைப் பிடுங்கிவிடலாம் என்றிருக்கிறேன். அடுத்த பருவத்துக்கு எந்த உரம் வாங்கலாம்?

பதில்: உரம் இருக்கட்டும், முதலில் அந்த ‘மலட்டு’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். மனிதர்களைக் குறித்து அச்சொல்லை இந்தப் பக்கத்தில் நான் அனுமதிப்பதில்லை. உங்கள் பூசணியைக் குறித்தும் அது பொய். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூக்கள் ஒரு வாரம், 10 நாள் முந்திக்கொண்டு நீண்ட மெல்லிய காம்புகளில் மலர்ந்து உதிரும். அதைக் கண்டு மனம் உடைந்து, பெண் பூ வருகிற நேரத்தில் கொடியைப் பிடுங்கியவர்கள் எத்தனையோ பேர். பெண் பூவின் அடியில், அது விரியும் முன்பே, குட்டிப் பூசணி போல ஒரு பிஞ்சு உருண்டிருக்கும். அந்தப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும், மறுநாள் விரியாது. அந்த ஒரு காலைப்பொழுதில் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து வெம்பி விழுந்துவிடும். தேனீ வராத இடத்தில் அந்த வேலையை நாமே செய்யலாம்: ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் மகரந்தம் படிந்த தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். நான் முதன்முதலில் தடவிய பிஞ்சு, சில நாளில் எலுமிச்சை அளவுக்குப் பருத்து, வாடிய பூவை நுனியில் ஒட்டவைத்துக்கொண்டு பளபளவென்று நின்றது. வீட்டில் எல்லோரையும் அழைத்துக் காட்டினேன்.

எதைக் கேட்டாலும் உரத்தையே பதிலாகச் சொல்பவர்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. தக்காளியின் அடி கறுப்பது, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால். பெரும்பாலும் அது மண்ணில் இல்லாமல் போவதில்லை. நீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறுகிறது என்பதால், இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் காய்க்கு எட்டுவதில்லை. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜன் உரத்தை, அள்ளிப் போட்டால் அந்தக் கறுப்பு கூடும், பூசணியும் இலையாகவே படரும். ஈரம் ஒரே சீராக நிற்கும்படி வேரடியில் சருகு பரப்புங்கள்.

கொடியை இன்னும் பிடுங்கவில்லையே? நாளை வெயில் ஏறுமுன் போய், ஒவ்வொரு பூவாக அடியைத் திருப்பிப் பாருங்கள்.