கணினி கேள்வி–பதில்: படம் வராத புதுக் கணினி

கேள்வி: மகனின் படிப்புக்காகத் தனி கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய டெஸ்க்டாப் வாங்கி, வயர்களையெல்லாம் நானே இணைத்தேன். விசிறி சுழன்றது, விளக்கும் எரிந்தது; மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. மாலை முழுவதும் போராடிய பிறகு, கடையிலிருந்து வந்த இளைஞர் எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிப் பக்கத்திலிருந்த வேறொரு போர்ட்டில் செருகியதும் படம் வந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் மகன் முன்னால் கூனிக்குறுகிப் போனேன். ஒரே பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு போர்ட்டுகளை எதற்காக வைக்கிறார்கள்? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த இளைஞர் சிரித்ததோடு விட்டாரா, சர்வீஸ் சார்ஜும் வாங்கிக்கொண்டாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. புதுக் கணினி இணைப்பவர்களுக்கு மிகச் சாதாரணமாக நேர்வது இது. இதில் பாதிக் குற்றம் வடிவமைப்பினுடையது.

நீங்கள் முதலில் செருகியது மதர்போர்டில், அதாவது கணினியின் மூலப் பலகையில், இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்; அது பிராசஸருக்குள்ளேயே அடங்கிய கிராஃபிக்ஸுக்கானது. எந்த பிராசஸரைப் பொருத்துவார்கள் என்பது மதர்போர்டு தயாரிப்பவருக்குத் தெரியாதாகையால், பெரும்பாலான போர்டுகளில் அதை வைத்தே அனுப்புகிறார்கள். ஆனால் மாடல் எண் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. அவற்றுடன் அந்த போர்ட் வெறும் அலங்காரம். உள் கிராஃபிக்ஸ் இருந்தாலும், தனி கார்டு செருகப்பட்டதைக் கண்டதும் அதை அணைத்துவிடும் போர்டுகள் பல உண்டு.

பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். யுஎஸ்பி, நெட்வொர்க், ஆடியோ போர்ட்டுகளுக்கு நடுவே இருப்பது மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே, தனிப் பட்டையில் வரிசையாகப் படுத்திருப்பவை கார்டினுடையவை. புதுக் கார்டுகள் பலவற்றில் இந்த போர்ட்டுகளைத் தூசி புகாமலிருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியால் அடைத்து அனுப்புவதால், செருக வேண்டிய இடம் மூடியும் செருகக் கூடாத இடம் திறந்தும் இருக்கிறது! மூடியைக் கழற்றச் சொல்லி ஒரு வரியாவது அச்சிட்டு ஒட்டியிருக்கலாம்.

உண்மையில், படமே வராமல் போனது உங்கள் நல்ல காலம். தவறான போர்ட்டிலும் படம் வந்துவிடும் கணினிகளில், பெரும்பணம் கொடுத்து வாங்கிய கார்டு சும்மா கிடக்க, விளையாட்டுகளெல்லாம் உள் கிராஃபிக்ஸில் திக்கித் திணறி ஓடுவதைப் பார்த்து, ‘கார்டே மட்டம்’ என்று மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: புதிய லேசர் பிரிண்டர் தாளை இழுத்து, வெள்ளையாகவே வெளியே தள்ளுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா? - வாசகி, மதுரை

பதில்: கொடுப்பதற்கு முன், மைத்தூள் அடைத்த டோனர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துப் பாருங்கள். வழியில் தூள் சிந்தாமலிருக்கப் பல கார்ட்ரிட்ஜ்களின் உள்ளே ஒரு நீள நாடாவை ஒட்டியிருப்பார்கள்; ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் பிடியை, பக்கவாட்டில் வளைக்காமல் நேராக, நிதானமாக முழுவதும் வெளிவரும்வரை இழுக்க வேண்டும். உருளையைத் தொடாதீர்கள், வெளிச்சத்தில் நெடுநேரம் வைக்கவும் வேண்டாம். தூள் புடவையில் கொட்டிவிட்டால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: வாங்கி வந்த அன்றே மின்தடை ஏற்பட, புது யுபிஎஸ்ஸும் கூடவே அணைந்துவிட்டது. பேட்டரி பழுதா? - வாசகர், ஈரோடு

பதில்: பேட்டரி இணைக்கப்படாமலே இருக்கலாம். சில யுபிஎஸ்களில் பாதுகாப்புக்காக ஒரு முனையைக் கழற்றி வைத்தே அனுப்புகிறார்கள். பிளக்கைப் பிடுங்கி, கையேட்டில் காட்டியபடி அந்த முனையைச் செருகி, சில மணி நேரம் சார்ஜ் ஏற்றிய பிறகு சோதியுங்கள். அப்போதும் அணைந்தால் பில்லோடு கடைக்குப் போகலாம்.