சாயப்பட்டறை ஹீட்டரிலும் கலோரி, பிஸ்கட் பாக்கெட்டிலும் கலோரி. இரண்டும் ஒன்றா? எழுதும்போது எப்படி எழுதுவது?

இரண்டும் ஒரே அளவைதான், 'கிலோ'வை விழுங்காமல் எழுதினால்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றும் வெப்பம் ஒரு கலோரி. ஒரு கிலோ தண்ணீருக்கு அதே வேலையைச் செய்வது கிலோகலோரி. அது 1,000 கலோரி, 4.184 கிலோஜூல். உணவு பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கிலோகலோரியைத்தான் வெறும் 'கலோரி' என்கிறார்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு வேறுபடுத்தும் வழக்கம் உண்டு. தமிழில் அதற்கு வழியில்லை. 'கிலோ'வை எழுதியே ஆக வேண்டும்.

திருப்பூர்ப் பட்டறை ஒன்றில் 1,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90-க்கு ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். 60,000 கிலோகலோரி ஆகும். கிலோவுக்கு 3,500 கிலோகலோரி தரும் விறகு, பாய்லர் திறன் 65 சதவீதம் என்றால் சுமார் 26 கிலோ விறகு. இதையே '60,000 கலோரி' என்று எழுதினால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத்தான் காணும்.

அடுத்து, 'மணிக்கு' என்ற சொல். துணியை விரித்துப் பிடித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் இயந்திரத்துக்கு எண்ணெய் சூடாக்கும் ஹீட்டரைப் 'பத்து லட்சம் கிலோகலோரி' என்றே பேசுவார்கள். பேச்சுக்குச் சரி. கொட்டேஷனில் 'மணிக்கு 10 லட்சம் கிலோகலோரி' என்று இருக்க வேண்டும். அது ஏறக்குறைய 1,163 கிலோவாட். மணிக்கு என்பதை விட்டால் அது வெப்பத்தின் அளவு, ஹீட்டரின் திறன் ஆகாது. கரண்டோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரு யூனிட் 860 கிலோகலோரி.

அதிகம் ஏமாறுவது விறகில்தான். 'கிலோவுக்கு 4,500' என்று சொன்னால், எந்த ஈரத்தில் என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள். காய்ந்த கட்டைக்கு 4,500 இருந்தாலும், நூற்றுக்கு 40 பங்கு ஈரமுள்ள லோடில் கட்டை 600 கிராம்தான், 2,700 ஆகிவிடும். மீதி 400 கிராம் தண்ணீரை ஆவியாக்கவே இன்னும் சுமார் 240 போய்விடும். பாய்லர்காரர் மேல் பழி விழுவது பல நேரம் இந்த ஒரு வரி எழுதாததால்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியது, 100 கிராமுக்கா ஒரு பரிமாறலுக்கா என்பது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு 9 கிலோகலோரி. பெருக்கிக் கூட்டினால் அச்சிட்ட எண் ஓரளவு ஒத்துவரும்.

இன்னொன்று: வீட்டில் சொல்லும் 'உடம்புச் சூடு' வேறு கணக்கு. நல்லெண்ணெய் குளிர்ச்சி என்போம். அதே நல்லெண்ணெய் 100 கிராமில் சுமார் 900 கிலோகலோரி இருக்கிறது. சமையல் குறிப்பு எழுதும்போது 'சூடு' என்ற சொல்லைக் கலோரிக்கு மாற்றாகப் போடாதீர்கள். 'ஆற்றல்' என்று எழுதி, பக்கத்தில் கிலோகலோரி எண்ணைக் கொடுங்கள்.