ஜப்பானின் மிக முதிய மனிதர்களில் இசையோடு வாழ்ந்தவர் என்று யாரைச் சொல்லலாம்?

என் தேர்வு நபி தஜிமா. ஜப்பானின் தெற்குப் பெருந்தீவான கியூஷூவுக்குத் தெற்கே, காகோஷிமா மாகாணத்தைச் சேர்ந்த கிகாய் தீவில் 1900 ஆகஸ்ட் 4 அன்று பிறந்த அவர், 2018 ஏப்ரல் 21 அன்று அதே தீவின் மருத்துவமனையில் 117 வயதில் மறைந்தார். 1900-ஐ 19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டாகக் கொண்டால், அந்த நூற்றாண்டில் பிறந்தவர்களுள் உறுதி செய்யப்பட்ட சான்றுகளோடு கடைசி வரை உயிர் வாழ்ந்தவர் அவரே.

அவர் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஏழு மகன்களையும் இரண்டு மகள்களையும் பெற்று வளர்த்த தாய். ஆனால் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த இறுதிக் காலத்திலும், சாமிசென் என்னும் மூன்று நரம்பு வாத்தியம் ஒலித்தால், அமர்ந்த இடத்திலிருந்தே கைகளைத் தாளத்துக்கு ஏற்ப அசைத்து ஆடினார் என்று அவரைப் பற்றிய செய்திகள் கூறின.

வயதானவரின் விளையாட்டு என்று இதைக் கடந்துவிட முடியாது. கிகாய் தீவு அமாமி தீவுக்கூட்டத்தில் ஒன்று; 1609-இல் தெற்கு கியூஷூவை ஆண்ட சத்சுமா சிற்றரசு படையெடுத்துக் கைப்பற்றும் வரை, ஒக்கினாவாவை மையமாகக் கொண்ட ரியூக்யூ அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதனால்தான் அமாமி மக்களின் வாத்தியம், பெருநிலத்து ஜப்பானில் பூனைத்தோல் அல்லது நாய்த்தோல் போர்த்தப்படும் சாமிசெனைப் போலன்றி, ஒக்கினாவாவில் உள்ளதைப் போலப் பாம்புத்தோல் போர்த்தியது. அதை மெல்லிய மூங்கில் சீவலால் மீட்டுகிறார்கள். சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதத்தில் ஆண்களும் பெண்களும் வட்டமாக நின்று, பாட்டுக்குப் பாட்டு பதிலாகப் பாடி ஆடுவார்கள். விருந்துகளின் முடிவில், ரொகுச்சோ என்னும் விரைவான பாட்டு தொடங்கியதும், கூடியிருப்போர் எழுந்து கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆடுவார்கள். பாடகர் வேறு, கேட்பவர் வேறு என்ற பிரிவினைக்கு அங்கே இடமில்லை. தஜிமாவின் கையசைவு அந்த ஆட்டத்தின் எச்சம் என்பதே என் கணிப்பு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தீவுகள் ஜப்பானிலிருந்து பிரிக்கப்பட்டு, 1946 முதல் 1953 டிசம்பர் 25 வரை அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தன. அப்போது அவர் ஐம்பது வயதை ஒட்டியிருந்தார்.

இசைதான் அவருடைய ஆயுளை நீட்டித்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதே பாட்டுக்கு அதே தீவில் ஆடிய எத்தனையோ பேர் எண்பதைக்கூட எட்டவில்லை. ஆயினும் ஒரு பொருத்தம் வியப்பூட்டுகிறது: 2003-இல் மறையும்போது உலகின் மிக முதியவராகக் கருதப்பட்ட கமாதோ ஹொங்கோவும் அமாமியின் தொகுனோஷிமா தீவில் பிறந்தவர்தான், தொடர்ந்து இரண்டு நாள் உறங்கி இரண்டு நாள் விழித்திருப்பார் என்று பெயர் பெற்ற அவரும் கைகளாலேயே ஆடும் ஆட்டத்துக்காக ஜப்பான் முழுவதும் அறியப்பட்டிருந்தார்.