மாலையில் மட்டும் சரியும் இமை

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. காலையில் நன்றாக இருக்கும் இடது இமை, சாயங்காலம் பாதிக் கண்ணை மூடிவிடுகிறது. சில நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். வயதானால் இப்படித்தானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வயதில் தளரும் இமையும் மாலையில் சற்று இறங்கும், ஆனால் அதனால் இரட்டையாகத் தெரியாது. முதலில் சந்தேகிக்க வேண்டியது மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பின் செய்தியைத் தசை வாங்கும் இடத்தை நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய் இது.

மருத்துவர் ஒரு நிமிடம் இமைக்காமல் மேலே பார்க்கச் சொல்வார். இமை மெல்லக் கீழே வழியும். பிறகு, கருவிழியில் விழும் டார்ச் ஒளிப்புள்ளியிலிருந்து மேலிமை விளிம்புவரை அளந்துகொண்டு, மூடிய இமைமேல் ஐஸ் பொதியை 2 நிமிடம் வைப்பார். திரும்ப அளக்கும்போது 2 மி.மீ. உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அளப்பதற்குத் தாமதித்தால் இமை மறுபடி இறங்கிவிடும்.

இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். கண்ணோடு நிற்கும் நோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான் வரும். நோய் உறுதியானால், மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க மார்பு சி.டி. ஸ்கேன் அவசியம்.

விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தாலும், திடீர்த் தலைவலியோடு இமை சரிந்து அந்தக் கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கரும்புள்ளி) விரிந்திருந்தாலும், அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பின்னது மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம்.