சுயேச்சை எம்.பி.யால் நம் ஊர்ப் பிரச்சினையைச் சபையில் கேட்க முடியுமா?

கேள்வி: வேலைக்காக வெளிமாநிலத்தில் குடியேறி அங்கேயே வாக்காளராகிவிட்டேன். 2024 தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சை ஒருவர் வென்றார். எங்கள் பகுதியில் ரயில்வே கேட்டுக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை கட்டும் வேலை பாதியில் நிற்கிறது. விவாதங்களில் எம்.பி. பேசியது மிகக் குறைவு என்று இணையத்தில் படித்தேன். கட்சி பலம் இல்லாதவரால் ஏதாவது நடக்குமா? டெல்லியில் செல்வாக்கு இருப்பதாகச் சொல்லும் ஒருவர், பணம் கொடுத்தால் இதைச் சபையில் கேள்வியாகக் கொண்டுவருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். இதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இந்த வலையில் நல்ல மனிதர்கள்தான் விழுகிறார்கள். சபையில் கேள்வி கேட்கக் கட்டணம் கிடையாது. நோட்டீஸ் கொடுக்கும் உரிமை எம்.பி.க்கு மட்டும்தான். எந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. குலுக்கலில் வராத கேள்வியை எந்தப் புரோக்கராலும் உள்ளே தள்ள முடியாது. பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்ட விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்களின் பதவி பறிபோனது. கேள்விகளைப் பதிவுசெய்யும் நாடாளுமன்ற இணையக் கணக்கின் கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்த விவகாரத்தில் 2023 டிசம்பரில் இன்னொருவரின் பதவி போனது. உங்களிடம் பணம் கேட்பவர் எம்.பி.யின் பெயரைச் சொன்னால், எம்.பி. அலுவலகத்துக்கே எழுத்தில் தெரிவியுங்கள். ஆளைத் தேட வேண்டியிருக்காது, அவரே காணாமல் போவார்.

இனி உங்கள் எம்.பி. விவாதங்களில் குறைவாகப் பேசியதற்கு வருகிறேன். அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை எடைபோடாதீர்கள். விவாத நேரம் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. மக்களவையில் 543 பேர். எட்டு மணி நேர விவாதத்தைச் சமமாகப் பங்கிட்டால்கூட ஆளுக்கு ஒரு நிமிடம் தேறாது. பெரிய கட்சிகள் எடுத்ததுபோக மிச்சமிருக்கும் நேரத்தைச் சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2024இல் வென்ற சுயேச்சைகள் ஏழே பேர். அவர்களில் ஒருவர் எழுந்து நின்றால், வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடிக்கிறது. லட்சக்கணக்கான வாக்காளர்களின் பிரதிநிதியை இப்படி ஓரத்தில் நிறுத்துவது எந்த வகையில் நியாயம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஆனால் எழுத்துமூலக் கேள்வியில் அவர் யாருக்கும் சளைத்தவர் அல்ல, குலுக்கல் கட்சி பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள். முதல் வகையைத்தான் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்பார்கள். அமைச்சரிடம் நேருக்கு நேர் துணைக் கேள்வி கேட்கலாம். ஆனால் அமளியில் சபை ஒத்திவைக்கப்பட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. எழுத்துப் பதில் அப்படியல்ல, சபை கூச்சலில் கலைந்தாலும் அன்றைய பதில்கள் மேசையில் வைக்கப்பட்டுவிடும். உங்களுக்கு அதுதான் வேண்டும். அவசரப் பிரச்சினைகளை எழுப்புவதற்கான பூஜ்ய நேரத்தில் பேசினால் வீடியோ கிடைக்கும், பதில் சொல்ல அமைச்சருக்குக் கட்டாயம் இல்லை. அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதா பற்றி யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், 1970க்குப் பிறகு ஒன்றுகூட சட்டமாகவில்லை.

அப்புறம், எதைக் கேட்கலாம் என்பதில் ஒரு விஷயம் முக்கியம். மத்திய அரசின் பொறுப்பில் உள்ளதைத்தான் அங்கே கேட்க முடியும். பேருந்து நிலையம், ரேஷன் கடை வரிசை என்று எழுதிக் கொடுத்தால் மாநில விவகாரம் என்று கேள்வி தள்ளுபடியாகும். இதில் ஒரு விலக்கு இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். கிராமச் சாலை மாநில விஷயம். ஆனால் அதே சாலை பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்டால் மத்திய அரசின் பணம் அதில் இருக்கிறது. அப்போது எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது, ஏன் முடியவில்லை என்று கேட்கலாம். குடிநீர்க் குழாயும் அப்படித்தான், மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டப் பணத்தில் வந்ததா என்று பாருங்கள். ஆக, சாலை ஏன் மோசம் என்று கேட்டால் தள்ளுபடி, பணம் எங்கே போனது என்று கேட்டால் ஏற்பு. உங்கள் சுரங்கப்பாதை ரயில்வே வேலை, அதனால் நேராகவே கேட்கலாம். அணுகுசாலை மட்டும் மாநிலத்தின் பொறுப்பாக இருக்கலாம், அதைத் தனியாக விசாரியுங்கள்.

எம்.பி.க்கு நீங்கள் தரும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கேட் கம்பத்தில் எல்.சி. (லெவல் கிராசிங்) என்று போட்டு ஓர் எண் எழுதியிருக்கும். அந்த எண், எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையில், எந்த ரயில்வே கோட்டம், இவை மூன்றும் முதல் வரியிலேயே வரட்டும். 'மக்கள் பெரிதும் அவதியுறுகிறார்கள்' என்ற பத்தியை எடுத்துவிடுங்கள். வேலைக்கு எந்த ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, இதுவரை என்ன செலவு, நின்றதற்குக் காரணம் என்ன, எப்போது முடியும் என்று ஐந்து பகுதியாகக் கேளுங்கள். எல்லாம் 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும். கூட்டத்தொடர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே பி.ஏ.விடம் கொடுத்துவிடுங்கள். கேள்வி நோட்டீஸைக் குறைந்தது 15 நாள் முன்பே தர வேண்டும்.

தொகுதி மேம்பாட்டு நிதியின் பெயரிலும் புரோக்கர்கள் அலைகிறார்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்பது உண்மைதான், ஆனால் எம்.பி. பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஒப்புதலும் பட்டுவாடாவும் மாவட்ட நிர்வாகத்தின் கையில். பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள் என்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

பதில் வந்ததும் நாடாளுமன்றத்தின் சன்சாத் இணையதளத்தில் எம்.பி.யின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், முழு வாசகமும் கிடைக்கும். 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்படுகிறது' என்று இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். இந்த மாதிரி வாசகத்தை மக்களவை அரசு தந்த உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்கிறது. மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழு என்று ஒன்றும் இருக்கிறது. அமைச்சகங்கள் கெடுவை நீட்டிக்கச் சொல்லி நீட்டிக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன, அதற்கு ஒருவரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. அதனால் கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துவைத்து, மூன்று மாதம் முடிந்த மறுநாள் எம்.பி.க்கு அடுத்த கடிதத்தைப் போடுங்கள்.