பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் எச்.ஐ.வி வருமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பஸ் பயணம் பற்றியவை. ஒரு கடிதத்தை வாசித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். எனக்கு எச்.ஐ.வி இருக்கும் விஷயம் எப்படியோ லயன் முழுக்கப் பரவிவிட்டது. போன வாரம் ஹட்டனுக்குப் போகும்போது கொண்டக்டர் காசைத் திருப்பித் தந்து, "மத்த ஆளுங்க பயப்படுறாங்க, இறங்குங்க" என்று நடுவழியில் இறக்கிவிட்டார். நான் என்ன செய்ய முடியும்?

தங்கச்சி, நிறையச் செய்யலாம். முறைப்பாடு கொடுத்தால் நோயைப் பற்றி ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்துதான் பலரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் நோயைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதில்லை. "டிக்கெட்டுக்குக் காசு கொடுத்த என்னை நடுவழியில் இறக்கிவிட்டார்" என்பதே போதும். ஏன் இறக்கினேன் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

பஸ் இலக்கம், திகதி, நேரம், இறக்கிவிட்ட இடம் நான்கையும் மறப்பதற்கு முன் எழுதி வையுங்கள். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் தருவது மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை, அங்கே எழுத்தில் கொடுங்கள். ஹட்டன் - கொழும்பு போல மாகாணம் தாண்டும் பஸ் என்றால் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இதே காரியத்தை இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ்ஸில் செய்திருந்தால் இன்னும் பாரதூரம். அது அரச நிறுவனம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அழைப்பு இலக்கம் 1996. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

என் மகன் போகும் ஸ்கூல் வேனில் எச்.ஐ.வி உள்ள ஒரு பிள்ளையும் வருகிறதாம். வேனை மாற்றலாமா? (தலவாக்கலை)

வேண்டாம். ஒரே சீட்டில் நெருங்கி உட்காருவது, ஒரே போத்தலில் தண்ணீர் குடிப்பது, தும்மல், வியர்வை எதாலும் எச்.ஐ.வி தொற்றாது.

"வருகிறதாம்" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனின் அப்பா எய்ட்ஸில் இறந்தார் என்று யாரோ கிளப்பிய பேச்சை நம்பி, அவனைப் பாடசாலையில் சேர்க்க விடாமல் பெற்றோர்கள் மறித்தார்கள். அவனுக்கு எச்.ஐ.வி இருக்கவே இல்லை. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் கண்டியில் ஒரு பாடசாலை அவனுக்கு இடம் கொடுத்தது. தொற்று இருந்திருந்தாலும் அவனுக்குப் படிக்கும் உரிமை அதேதான். உங்கள் மகனை அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்காரச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் ஒருவர் வாந்தி எடுத்து என் சேலையில் பட்டுவிட்டது. அவருக்கு அந்த நோய் என்கிறார்கள். அப்புறம், கொழுந்து மலையில் அட்டை ஒருவரைக் கடித்துவிட்டு இன்னொருவரைக் கடித்தால்?

ரம்பொடை வளைவுகளில் யாருக்குத்தான் வயிறு புரட்டாது? வாந்தியால் எச்.ஐ.வி வராது. சேலையைத் துவைத்தால் சரி. அட்டை வயிறு நிறைய இரத்தம் குடித்தால் கழன்று விழுந்துவிடும், அடுத்த சாப்பாட்டுக்குப் பல வாரம் செல்லும். அட்டையாலோ நுளம்பாலோ இது பரவுவதில்லை.

நான் பஸ் கொண்டக்டர். விபத்து நடந்தால் காயப்பட்டவர்களைத் தூக்குவது நாங்கள்தான். என் கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது இன்னொருவரின் இரத்தம் பட்டால்?

தம்பி, இந்தப் பயம் நியாயமானது. வெட்டில்லாத தோலில் இரத்தம் பட்டால் கழுவினால் போதும். ஆறாத காயத்தில் பட்டால் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் நன்றாகக் கழுவுங்கள். பிதுக்கக் கூடாது. அடுத்து நேரே அரச வைத்தியசாலைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். தேவை என்று வைத்தியர் கருதினால் 28 நாள் தடுப்பு மாத்திரை தருவார்கள். சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை.

முதலுதவிப் பெட்டியில் இரண்டு மூன்று சோடி கையுறை வையுங்கள். யார் இரத்தமாக இருந்தாலும் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். ஆளைப் பார்த்து யாருக்கு என்ன நோய் என்று சொல்ல முடியாது, தனக்கே தெரியாமல் இருப்பவரும் உண்டு.

கிளினிக் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஆட்கள் பார்ப்பது தாங்க முடியாமல் இரண்டு மாதமாகப் போகவில்லை. மாத்திரையும் முடிந்துவிட்டது. (பண்டாரவளை)

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வைத்தியசாலைக்கு ஒரு ஹோல்ட் முன்பே இறங்கி மழையில் நடந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மாத்திரை நின்றால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகும். அதைத்தான் இப்போது முதலில் பார்க்க வேண்டும். ஒழுங்காகக் குடித்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில்கூட அது மற்றவருக்குத் தொற்றாது. பஸ்ஸில் உங்களைப் பார்த்து எழுந்து நிற்பவருக்கு இது தெரியாது.

பதுளை கிளினிக்கில் தெரிந்த முகங்கள்தான் பிரச்சினை என்றால் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். எங்கே போனாலும் மருந்து இலவசம். நிலை சீரான பிறகு, ஒரே தடவையில் இரண்டு மூன்று மாத மாத்திரை கிடைக்குமா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள். வேறு ஒருவருடைய மாத்திரையை வாங்கிக் குடிக்க வேண்டாம். பழைய கிளினிக் அட்டையையும் வெறும் மாத்திரைப் போத்தலையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போங்கள். இரண்டு மாதம் விட்டுவிட்டேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். என்ன மருந்து தருவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.